ஆய்வைத் தமிழில் பேசுவது எப்படி? அறிவியல் பாட்காஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வாளர்களோடு உட்கார்ந்து, அவர்கள் செய்யும் வேலையை அவர்கள் வாயாலேயே தமிழில் சொல்லவைத்துப் பதிவு செய்வதைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கல்லூரிப் பட்டறையானாலும் சரி, ரயிலில் பக்கத்து இருக்கையில் ஒரு பேராசிரியர் அமைந்தாலும் சரி, வருகிற சந்தேகங்கள் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

பாட்காஸ்ட்னா என்ன? ரேடியோவை ஃபோன்ல கேட்கிறதுதானே?

பாதி சரி. வானொலி அதன் நேரத்துக்கு ஒலிக்கும், நாம்தான் அந்த நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும். பாட்காஸ்ட் என்பது இணையத்தில் ஏற்றி வைத்த ஒலிக்கோப்பு. ஒருமுறை பின்தொடர்ந்துவிட்டால் புது எபிசோடு வந்ததும் ஃபோனில் வந்து நிற்கும். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், நிறுத்தலாம், புரியாத இடத்தைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்கலாம். அறிவியலுக்கு இந்தக் கடைசி வசதிதான் பெரியது.

பெயர் 2004-ல் வந்தது. பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். மறு ஆண்டே நேச்சர் ஆய்விதழ் தன் பாட்காஸ்ட்டைத் தொடங்கிவிட்டது. தமிழில் வலையொலி என்றும் சொல்கிறார்கள். கேட்பவர் தேடும்போது தட்டுகிற சொல் பாட்காஸ்ட் என்பதால் நான் அதையே எழுதுகிறேன்.

ஜர்னல்ல பேப்பர் வந்தாச்சு. அதுக்கு மேல நான் ஏன் பேசணும்?

தஞ்சாவூர்க்காரர்களிடம் ஏடிடி 27 நெல்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960களில் வயலுக்கு வந்த ரகம். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் கேட்டுத்தான் விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். அதனால் ஊரில் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. ரகத்தை உருவாக்கியது ஆராய்ச்சி நிலையம், பெயரைத் தட்டிச் சென்றது அதைப் பேசிய குரல்.

உங்கள் கட்டுரை உங்கள் துறையில் இருக்கும் சில நூறு பேருக்கானது. அந்த ஆய்வுக்கான பணம் பெரும்பாலும் வரிப்பணம். நீங்கள் மண்ணை எடுத்த வயல், நீரை எடுத்த ஏரி, ரத்தம் கொடுத்த நோயாளி எல்லாமே அந்தச் சில நூறு பேருக்கு வெளியே இருப்பவை. அவர்களுக்கு என்ன கண்டுபிடித்தீர்கள் என்று சொல்வது கடன் என்றே நான் நினைக்கிறேன்.

எல்லாரும் வீடியோதானே பார்க்கிறாங்க? ஆடியோவை யார் கேட்பாங்க?

கையும் கண்ணும் வேலையாக இருப்பவர்கள் கேட்பார்கள். திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர், இரவு லாரி ஓட்டுபவர், காலையில் நடைபயிற்சி போகிறவர், பாத்திரம் கழுவுகிறவர். வீடியோ பார்க்கிறவரின் கவனத்தை அடுத்த வீடியோ இழுத்துக்கொண்டே இருக்கும். ஒலியைக் கேட்பவர் கையில் ஒரு வேலை இருக்கிறது. அது முடியும்வரை உங்களோடு இருப்பார்.

சில ஆய்வுகள் ஒலிக்கென்றே பிறந்தவை. தவளை, வௌவால், திமிங்கலம் இவற்றைப் படிப்பவர்களிடம் பதிவுகள் ஏற்கெனவே இருக்கும். 2015 செப்டம்பர் 14-ல் முதன்முதலாகப் பிடிபட்ட ஈர்ப்பலை, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸுக்கு ஏறிய ஓர் அதிர்வு. அதை ஒலியாக மாற்றினால் ‘வ்வூப்’ என்று முடிந்துவிடும். சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதிய சத்தம் அது. பத்து நிமிட விளக்கம் செய்யாததை அந்த அரை நொடி செய்யும். ஆனால் உங்கள் முடிவு ஒரு வரைபடத்தைப் பார்த்தால் மட்டுமே புரியும் என்றால் ஒலி அதற்கு ஏற்ற வழியில்லை. வீடியோவாகவே செய்யுங்கள்.

யாருக்காகப் பேசறோம்னு எப்படி முடிவு பண்றது?

‘பொதுமக்களுக்காக’ என்று சொல்லாதீர்கள். அப்படி ஒருவர் கிடையாது. உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரை படித்து மளிகைக் கடை வைத்திருக்கும் சித்தப்பா, உயிரியல் எடுக்கும் பள்ளி ஆசிரியை, பிளஸ் டூ படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண். அவருக்கு நீங்கள் ஃபோனில் சொல்வதாக நினைத்துப் பேசினால் எதை விளக்க வேண்டும், எதை விளக்க வேண்டியதில்லை என்பது தானே தெரிந்துவிடும். நான் பதிவின்போது அந்த ஆளின் பெயரை ஒரு சீட்டில் எழுதி மைக்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வேன்.

எழுத்துத் தமிழ்ல பேசணுமா, பேச்சுத் தமிழ்லயா? பேச்சுத் தமிழ்ல பேசினா மரியாதை குறையாதா?

பேச்சுத் தமிழில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற பல மொழிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. நமக்கு எழுதும் தமிழும் பேசும் தமிழும் கிட்டத்தட்ட இரண்டு மொழிகள். மேடையில் ஏறியதும், மைக்கைப் பார்த்ததும், நாக்கு தானாக எழுத்துத் தமிழுக்குப் போய்விடுகிறது.

ஒரு மண்ணியல் ஆய்வாளரைப் பதிவு செய்தபோது நடந்தது இது. “இவ்வாய்வின் முடிவுகள் சுட்டுவது யாதெனில், களிமண்ணின் நீர்ப்பிடிப்புத் திறன்…” என்று ஆரம்பித்தார். குரல் விறைத்திருந்தது. நான்கு முறை எடுத்தோம், நான்கும் அப்படியே. பதிவை நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனோம். வழியில், “சார், நிஜமா அங்க என்னதான் பாத்தீங்க?” என்று கேட்டேன். கையை விரித்துக்கொண்டு சொன்னார்: “அட, அந்த மண்ணு தண்ணிய வச்சிருக்குங்க, ஆனா செடிக்குக் குடுக்க மாட்டேங்குது. கஞ்சன் மாதிரி இறுக்கிப் புடிச்சுக்குது.” அப்படியே திரும்பி வந்து அந்த வாக்கியத்தை அவரே மைக்கில் சொன்னார். எபிசோடின் முதல் வாக்கியம் அதுதான்.

வட்டார வழக்கையும் மாற்றச் சொல்லாதீர்கள். நெல்லைக்காரர் நெல்லைத் தமிழில், கோவைக்காரர் கோவைத் தமிழில், யாழ்ப்பாணத்தார் யாழ்ப்பாணத் தமிழில் பேசட்டும். தன் ஊர்ப் பேச்சில் ஒரு விஞ்ஞானி பேசுவதைக் கேட்கும் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தென்காசிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒலிக்கவிட்டபோது பின்வரிசைப் பையன் எழுந்து, “இவுக நம்ம ஊரா?” என்று கேட்டான். மரியாதை குறைவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: எபிசோடோடு கொடுக்கும் எழுத்து வடிவத்தை நல்ல எழுத்துத் தமிழில் கொடுங்கள். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

கலைச்சொல்லுக்கு என்ன செய்யறது? ஆக்சிஜனா, உயிர்வளியா?

கேட்பவருக்குத் தெரிந்த சொல் முதலில். ஆக்சிஜன் எல்லோருக்கும் தெரியும், அதையே சொல்லுங்கள். மரபணு, கருந்துளை, நோய்த்தடுப்பு போன்ற சொற்கள் பாடநூல் வழியாகவும் செய்தித்தாள் வழியாகவும் வீட்டுக்குள் வந்துவிட்டன, தாராளமாகப் பயன்படுத்தலாம். இரண்டுமில்லாத சொல் வரும்போது முதலில் பொருளைச் சொல்லிவிட்டு, பிறகு பெயரைச் சொல்லுங்கள். “சில செல்கள் தங்களையே அழிச்சுக்கும். அதுக்கு அப்பாப்டோசிஸ்னு பேரு” என்றால் போதும். பெயரை முதலில் போட்டுவிட்டால் கேட்பவர் அங்கேயே நின்றுவிடுகிறார், நீங்கள் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

ஓர் எபிசோடில் மூன்று புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு.

மைக் எது வாங்கணும்? ஸ்டுடியோ இல்லாம முடியுமா?

முடியும். மைக்கை விட அறை முக்கியம். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் எவ்வளவு விலை மைக் வைத்தாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல்தான் இருக்கும். மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த பீரோ இருக்கும் படுக்கையறை நல்ல ஸ்டுடியோ. மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் அது பெரிய தவம், ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும். ஃபிரிட்ஜ் சத்தத்தைப் பேசும்போது நம் காது கேட்காது, மைக் கேட்கும். குக்கர் விசில், மாலைநேரக் கோயில் மணி, தண்ணீர் லாரி இவை எந்த நேரத்துக்கு வரும் என்று பார்த்துவிட்டு நேரம் குறியுங்கள்.

தொடங்குவதற்குச் சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்றும் ஃபோனும் போதும். இரண்டு பேர் பேசினால் இரண்டு மைக். பேசி முடித்ததும் யாரும் அசையாமல் 30 நொடி அறையின் அமைதியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களில் அதை நிரப்பினால் ஒட்டு தெரியாது. எடிட் செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும், நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி இருந்தால் ஒருமுறை போய்க் கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரியில் தொடங்கியது, நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அது. இப்படிப்பட்ட நிலையங்களில் அறையும் இருக்கும், சொல்லித்தர ஆளும் இருப்பார்கள்.

எவ்வளவு நேரம் இருக்கணும்? 5 நிமிஷத்துக்கு மேல யாரும் கேட்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

அப்படிச் சொல்பவர்களுக்கு நான் ஜெர்மனியைக் காட்டுவேன். 2020 பிப்ரவரி 26 அன்று வடஜெர்மன் வானொலி நிறுவனமான என்டிஆர், கொரோனா வைரஸ் பற்றி ஒரு பாட்காஸ்ட் தொடங்கியது. பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையின் வைரஸ் ஆய்வாளர் கிறிஸ்டியான் ட்ரோஸ்டென், எதிரே கேள்வி கேட்கும் அறிவியல் பத்திரிகையாளர், அவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது, வேகமான வெட்டு கிடையாது. ஆய்வுக் கட்டுரையின் வரைபடம் வரைக்கும் வாயாலேயே விளக்கினார். சுமார் அரைமணி நேரத்தில் ஆரம்பித்து, பின்னாளில் ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. நாடே கேட்டது. அந்த ஆண்டே, இணையப் படைப்புகளுக்கு ஜெர்மனியில் கொடுக்கும் கிரிம்மே ஆன்லைன் விருதும் கிடைத்தது.

விஷயம் தேவைப்படுகிற நேரம்தான் நேரம். எங்கள் எபிசோடுகள் பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடத்தில் நிற்கின்றன. ஆனால் டேட்டாவை மனதில் வையுங்கள். பேச்சு மட்டும் உள்ள பதிவை மோனோவில், நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் 30 நிமிடத்துக்குச் சுமார் 14 எம்பி ஆகும். குரலுக்கு அது போதும். ஸ்டீரியோவில் 256 கிலோபிட்டில் ஏற்றினால் அதே பேச்சு 57 எம்பியைத் தாண்டும். மலைக்கிராமத்தில் சிக்னல் தேடி நிற்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

எழுதி வச்சுப் படிச்சிடலாமா? பேசும்போது தப்பு வந்துடுமோன்னு பயமா இருக்கு.

படிக்காதீர்கள். படித்தால் எழுத்துத் தமிழ் திரும்பி வந்துவிடும் (மண்ணியல் ஆய்வாளர் கதையை மேலே பாருங்கள்). ஒரு தாளில் ஐந்து குறிப்பு போதும்: என்ன கேள்வியோடு போனோம், ஏன் அது தெரியாமல் இருந்தது, எப்படிப் பார்த்தோம், என்ன கிடைத்தது, இன்னும் எது தெரியவில்லை. எண்களை மட்டும் சரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாயில் தடுமாறினால் நிறுத்தி, இரண்டு நொடி மூச்சுவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். எடிட்டில் வெட்ட வசதியாக இருக்கும்.

கேள்வி கேட்க ஒருவர் எதிரே இருந்தால் இன்னும் நல்லது. அவர் உங்கள் துறைக்காரராக இருக்கக்கூடாது. “இருங்க, எனக்குப் புரியல” என்று வெட்கமில்லாமல் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

எங்க ஏத்தறது? மாசம் எவ்வளவு செலவாகும்?

இலவசமாகவே தொடங்கலாம். ஒலிக்கோப்பை ஓர் இடத்தில் ஏற்றினால், அங்கிருந்து ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபீட் போகும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் கடந்து போங்கள். தமிழ்நாட்டில் பலர் பாட்காஸ்ட் செயலியே வைத்திருப்பதில்லை என்பதால், ஒரு நிலைப்படத்தோடு யூடியூபிலும், சிறிய கோப்பாக வாட்ஸ்அப்பிலும் கொடுக்கிறேன். எங்களுக்கு அதிகம் கேட்பவர்கள் கிடைத்தது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத்தான்.

உண்மையான செலவு நேரம். என் கையில் ஒரு நிமிட ஒலிக்கு நான்கு நிமிட எடிட் ஆகிறது.

இதைச் செஞ்சா ப்ரமோஷனுக்குக் கணக்காகுமா? கைடு திட்டுவாரே?

2022 மே மாதம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, அறிவியலாளரின் சமூகப் பொறுப்பு பற்றிய வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆய்வுப் பணியில் இருப்பவர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாளுக்குரிய உழைப்பைச் சமூகத்தோடு அறிவைப் பகிர்வதற்குக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கைடிடம் பேசும்போது இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி மாணவர் என்றால் அனுமதி வாங்காமல் தொடங்க வேண்டாம். கைடையே முதல் எபிசோடுக்குக் கூப்பிடுங்கள். மறுத்தவர்களை விட ஒப்புக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பத்து எபிசோடு போட்டாச்சு, 80 பேர்தான் கேட்டிருக்காங்க. நிறுத்திடலாமா?

80 பேர் என்பது இரண்டு வகுப்பறை. இரண்டு வகுப்பறை தானாக வந்து உட்கார்ந்து அரைமணி நேரம் நீங்கள் சொல்வதைக் கேட்டால் நிறுத்துவீர்களா?

அந்த எண் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நிமிட அளவு ஒலி ஒரு கருவிக்கு இறங்கிவிட்டாலே ஒரு பதிவிறக்கம் என்று எண்ணுவது இந்தத் துறையின் பொது நியதி. கடைசிவரை கேட்டாரா என்பதை அது சொல்லாது. வாட்ஸ்அப்பில் போனதை அது எண்ணவே எண்ணாது. நான் பார்ப்பது வேறு ஒன்று: எத்தனை பேர் திரும்பிக் கேள்வி கேட்டார்கள்.

கேள்வி கேட்டா பதில் சொல்லிக்கிட்டே இருக்கணுமா? நாங்க சொல்றோம், அவங்க கேட்கட்டும், அதுதானே?

அது அறிவிப்பு. மக்களை ஆய்வோடு சேர்ப்பது என்றால் இரண்டு பக்கமும் போக்குவரத்து இருக்க வேண்டும். பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 மீனவர்களின் சமுதாய வானொலி. அங்கே மைக்கின் இரண்டு பக்கமும் கடலுக்குப் போகிறவர்கள்தான். கடலைப் பற்றி ஆய்வு செய்கிறவர் அங்கே போனால் பேசுவதை விடக் கேட்பதற்கு நிறைய இருக்கும்.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் நாம் பார்த்தோம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது, திட்ட மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். எதிர்ப்பு கிளம்பியது. அறிவியலாளர்கள் மேடைக்கு மேடை நியூட்ரினோ தீங்கில்லாதது என்று விளக்கினார்கள். உண்மைதான், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்துபோகின்றன. ஆனால் ஊர்க்காரர்கள் கேட்டதில் பெரும்பகுதி வேறு: பாறையை உடைக்க எவ்வளவு வெடி, அதிர்வு அணைக்கு எட்டுமா, தண்ணீர் எங்கிருந்து, மேய்ச்சலுக்குப் போகும் பாதை என்னாகும்? துகளைப் பற்றிக் கேட்காதவரிடம் துகளை விளக்கினால் அவர் இன்னும் சந்தேகப்படத்தான் செய்வார். திட்டம் சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் முன்பே இருந்திருந்தால் பேச்சாவது ஒழுங்காக நடந்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு நான்காவது எபிசோடையும் கேட்பவர் கேள்விகளுக்கே ஒதுக்குகிறோம். வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பச் சொல்கிறோம், அனுமதி வாங்கி அந்தக் குரலையே ஒலிபரப்புகிறோம்.

‘தெரியாது’ன்னு சொன்னா மதிப்பு போயிடாதா?

மேலே சொன்ன ட்ரோஸ்டென் எதனால் நம்பப்பட்டார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எது உறுதி, எது ஊகம், எது தெரியாது என்று மூன்றையும் பிரித்துச் சொன்னார். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடுவது பற்றிய தன் கருத்து மாறியதையும் நிகழ்ச்சியிலேயே சொன்னார். 1918 காய்ச்சலின்போது அமெரிக்க நகரங்கள் என்ன செய்தன என்று ஆராய்ந்த கட்டுரையைப் படித்ததுதான் காரணம் என்பதையும் மறைக்கவில்லை. ஒரு கட்டுரை ஒரு நிபுணரின் மனதை எப்படி மாற்றுகிறது என்பதை லட்சக்கணக்கானவர்கள் காதாலேயே கேட்டார்கள்.

நம் ஊரிலும் அதுதான் நடக்கிறது. “இது எங்களுக்கு இன்னும் தெரியலைங்க, அடுத்த மழைக்கப்புறம் பார்த்தாத்தான் தெரியும்” என்று ஓர் ஆய்வாளர் சொன்ன எபிசோடுக்கு, அடுத்த மழைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டு செய்திகள் வந்தன. தெரியாது என்ற சொல்தான் அவர்களை உள்ளே கூப்பிட்டது.

பேசினதுல தப்பு இருந்தா? எபிசோடை எடுத்துடலாமா?

சத்தமில்லாமல் எடுக்காதீர்கள். தவறான பகுதியை வெட்டி, அந்த இடத்தில் உங்கள் குரலிலேயே திருத்தத்தைச் சேர்த்து மறுபடி ஏற்றுங்கள். குறிப்பிலும் தேதியோடு எழுதுங்கள். அடுத்த எபிசோடின் தொடக்கத்திலும் சொல்லுங்கள், ஏனென்றால் முதலில் கேட்டவர் பழைய எபிசோடுக்குத் திரும்பப் போகமாட்டார். ஆளுக்கு ஆபத்து உண்டாக்கும் தவறு, உதாரணமாக மருந்தளவு, என்றால் மட்டும் முதலில் இறக்கிவிட்டுப் பிறகு காரணம் சொல்லுங்கள்.

இன்னும் பேப்பர் வரல. அதுக்கு முன்னாடியே பேசலாமா?

மூன்றைப் பாருங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன் பொதுவில் சொல்வது அந்த உரிமைக்கே வேட்டு வைக்கும். அப்போது வாயைத் திறக்கவே வேண்டாம். ஆய்விதழ் ஏற்றுக்கொண்டு வெளியீட்டுத் தேதி குறித்திருந்தால், பெரும்பாலும் அந்தத் தேதிவரை செய்தித்தடை இருக்கும். முன்னதாகப் பதிவு செய்துவிட்டு அன்று வெளியிடலாம். முன்பதிப்பாக இணையத்தில் போட்டிருந்தால் பேசலாம், ஆனால் சக ஆய்வாளர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எதுவும் சரிவராவிட்டால், முடிவைச் சொல்லாமல் கேள்வியைச் சொல்லுங்கள். களத்தில் என்ன செய்கிறீர்கள், ஏன் விடியற்காலையில் எழுந்து போகிறீர்கள் என்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

கீழடி மாதிரி விஷயம் பேசினா, மக்கள் எதிர்பார்க்கிறது ஒண்ணு, ஆய்வு சொல்றது ஒண்ணா இருக்கே. எப்படிப் பேசறது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. பெருமையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பெருமைப்படுகிறவர்தான் கடைசிவரை கேட்பார். அவருக்கு முழுவதையும் கொடுங்கள். 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கிமு 580 என்ற தேதி வந்தது. எல்லோருக்கும் அந்த எண் தெரியும். எது காலக்கணிப்பு செய்யப்பட்டது, அந்த எண் எப்படி வருகிறது என்பதைச் சொன்னவர்கள் குறைவு. ரேடியோகார்பன் முறை கரிமப் பொருளுக்குத்தான் வேலை செய்யும், சுட்ட களிமண்ணுக்குச் செய்யாது. ஒரு பானை ஓட்டுக்குத் தேதி சொல்கிறோம் என்றால் அது கிடைத்த மண்ணடுக்கை வைத்துச் சொல்கிறோம்.

இன்னொன்று: ரேடியோகார்பன் முறையில் அளக்கப்படும் கார்பன் 14-இன் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. அளந்து வந்த எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்ற ஒரு திருத்தக்கோடு உண்டு. அந்தக் கோடு கிமு 800 முதல் 400 வரை கிட்டத்தட்டச் சமதளமாக ஓடுகிறது. அதாவது அந்த 400 ஆண்டுகளில் எந்த ஆண்டைச் சேர்ந்த கரியானாலும் ஏறக்குறைய ஒரே அளவீட்டைத் தரும். கீழடிக்கு மட்டுமல்ல, அதே காலத்து ஐரோப்பிய இடங்களுக்கும் இதே தொல்லைதான். அதனால்தான் ஒரு மாதிரி போதாது, பல மாதிரி, பல முறை, பல குழி வேண்டும் என்று தொல்லியலாளர்கள் கேட்கிறார்கள். இதை நாங்கள் முழு எபிசோடாகச் செய்தோம். திட்டி வரும் என்று பயந்தேன். வந்தது, “அப்ப இன்னும் தோண்டணும்ல?” என்ற கேள்விதான்.

காட்டுக்குள்ள செய்யற ஆய்வு. எல்லாத்தையும் சொல்லிடலாமா?

இடத்தைச் சொல்லாதீர்கள். அரிய ஆர்க்கிட், கூடு கட்டும் பறவை, விலைபோகும் சிலந்தி எதுவானாலும் மலையின் பெயருக்கு மேல் போகவேண்டாம். பின்னணியில் ஒலிக்கும் அருவியை வைத்தே இடம் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மக்களின் அறிவைப் பற்றியும் கவனம் வேண்டும். 1987-ல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன ஆய்வாளர்களுக்கு, களைப்புத் தெரியாமல் இருக்க அங்குள்ள பழங்குடியினரான காணி மக்கள் தின்னக் கொடுத்தது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழம். பிறகு திருவனந்தபுரத்தில் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாகி, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்பந்தம் ஆனது. பலனைப் பகிர்வது பற்றி உலகம் பேசும்போதெல்லாம் இதை எடுத்துச் சொல்வார்கள். உங்கள் மைக்கில் ஒருவர் ஒரு மூலிகையின் பெயரையும் பயனையும் சொன்னால், அது அந்த நிமிடமே ஊரறிந்த தகவலாகிவிடும். ஒலிபரப்பும் முன் அவருக்குப் போட்டுக் காட்டி, எது இருக்கலாம் எது வேண்டாம் என்று கேட்டு வெட்டுங்கள்.

பேப்பரை ஏத்தினா ஏஐயே ரெண்டு குரல்ல பேசித் தருதே. நாம எதுக்கு?

உங்கள் கட்டுரையை நீங்களே வேறு கோணத்தில் பார்க்க, வரைவு தயாரிக்க, வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியாக வெளியிட வேண்டாம் என்பேன். அந்தக் குரல்கள் எதையும் பார்க்கவில்லை, வெயிலில் நிற்கவில்லை. கட்டுரையில் இல்லாததை, “ஏன் இதை ஆரம்பிச்சீங்க?” என்பதை, அவற்றிடம் கேட்க முடியாது. தப்பு நேர்ந்தால் திருத்தம் சொல்லவும் ஆள் இல்லை. பதிவை எழுத்தாக்க மட்டும் தானியங்கிக் கருவியை நாங்களும் பயன்படுத்துகிறோம். பேச்சுத் தமிழில் அது நிறையத் தடுமாறும், ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

எழுத்து வடிவம் கட்டாயம் வேணுமா? பதிவையெல்லாம் எப்படிப் பாதுகாக்கறது?

வேண்டும். காது கேளாதவர்களுக்கு அதுதான் வழி. தேடுபொறிக்கும் எழுத்துதான் தெரியும். ட்ரோஸ்டென் நிகழ்ச்சிக்கு எபிசோடுதோறும் முழு எழுத்து வடிவம் வெளியானது. பத்திரிகையாளர்களும் ஆசிரியர்களும் அதிலிருந்துதான் எடுத்தார்கள்.

சேமிப்புக்கு: எம்பி3 மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிக்காதீர்கள். எடிட் செய்யாத, சுருக்கப்படாத வேவ் கோப்பை இரண்டு வெவ்வேறு வட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீட்டில் வையுங்கள். முடிந்த எபிசோடை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக ஏற்றலாம். நிறுவனத்தின் சர்வர் மாறினாலும் அது நிற்கும். கோப்பின் பெயரில் தேதி, ஊர், பேசியவர் பெயர், தலைப்பு நான்கும் இருக்கட்டும். ‘புதியது இறுதி 2’ என்று பெயர் வைத்த ஒரு கோப்பைத் திறந்து, அதற்குள் யார் பேசுகிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆனது. அதில் இப்போது ஓய்வுபெற்றுவிட்ட ஒரு தாவரவியலாளர், தன் முதல் களப்பயணத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். 11 நிமிடம். அடுத்த மாதம் அதை வெளியிடுகிறோம்.